பூட்டுக்குள் ஒரு கடிகாரம்

எங்கள் ரிசார்ட்டில் எந்த அறைக் கதவு திறக்காவிட்டாலும் விருந்தாளிகள் என்னைத்தான் முறைப்பார்கள். கதவைச் செய்தது நானா, பூட்டைச் செய்தது நானா? முன் மேசையில் உட்கார்ந்து அட்டை எழுதிக் கொடுப்பவள் நான், அவ்வளவுதான். ஆனால் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்து நிற்கிறவரிடம் அந்த நியாயமெல்லாம் எடுபடுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அப்படித்தான். ஓட்டல் அறையைக் கொடுத்துவிட்டது. பூட்டு மட்டும் கொடுக்க மறுக்கிறது.

ரிசார்ட் இருப்பது மாமல்லபுரத்தைத் தாண்டிக் கல்பாக்கம் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே. நான் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். திருக்கழுக்குன்றத்தில் ஏறுகிற கூட்டத்தில் நசுங்கி, பூஞ்சேரியில் மூச்சு விட்டு, வேலைக்கு வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். மிச்சப் பாதியை இந்தப் பூட்டுகள் வாங்கும்.

பூட்டின் கதை இதுதான். என் கணினிக்குப் பக்கத்தில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறது. வெள்ளை அட்டையை அதன்மேல் வைத்தால், எந்த அறை, எந்த நாள் எத்தனை மணி வரை என்பதை அட்டைக்குள் எழுதிவிடும். அந்த அட்டையைக் கதவில் காட்டினால் பூட்டு படிக்கும். தன் அறை எண்தானா என்று பார்க்கும். பிறகு தனக்குள்ளேயே இருக்கிற கடிகாரத்தைப் பார்த்து, அட்டையின் கெடு முடிந்துவிட்டதா என்று சரிபார்க்கும். முடியவில்லை என்றால் பச்சை விளக்கு, முடிந்துவிட்டால் சிவப்பு. அதன் மொத்த அறிவும் இவ்வளவுதான்.

என் கணினிக்கும் அந்தப் பூட்டுக்கும் நடுவே ஒரு கம்பியும் கிடையாது என்றால் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். "இங்கிருந்தே ஒரு பட்டனைத் தட்டித் திறந்து விடுங்களேன் மேடம்" என்று படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். முடியாது. பூட்டு தனிக்கட்டை. நான்கு பேட்டரியைத் தின்றுகொண்டு, வெளியுலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கதவில் உட்கார்ந்திருக்கிறது. அதனிடம் நான் சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதி, யாராவது கையில் கொடுத்தனுப்பினால்தான் அதற்குச் சேதி போகும்.

அதிலும் ஒரு குசும்பு உண்டு. ஒரே அறைக்கு இரண்டாவது அட்டை கேட்டால் நகல் என்று எழுத வேண்டும். கூட்ட நேரத்தில் எங்களில் யாராவது புதியது என்று எழுதிவிட்டால் போச்சு. புது அட்டையைப் பார்த்த கணமே பூட்டு பழைய அட்டையை மறந்துவிடும், புதிதாக வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு. அப்படி ஒரு தடவை மனைவி உள்ளே குளித்துக்கொண்டிருக்க, தேனிலவுக்கு வந்த மாப்பிள்ளை அரை மணி நேரம் வெளியே நின்று கதவைத் தட்டினார். பெண் கோபத்தில் திறக்கவில்லை என்று அவராகவே முடிவு கட்டி, கதவுக்கு வெளியே நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாராம். எதற்கு மன்னிப்பு என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இந்தப் பூட்டுகளைப் பார்த்துக்கொள்கிறவர் எங்கள் மெயின்டெனன்ஸ் அண்ணன். சதுரங்கப்பட்டினத்துக்காரர். உப்புக்காற்றுதான் அவருக்கு ஜென்ம எதிரி. பேட்டரி முனையெல்லாம் பச்சை பூத்துப்போகும், அவர் அதைச் சுரண்டிக்கொண்டே கடலைத் திட்டுவார். அவரிடம் டிவி ரிமோட் மாதிரி ஒரு கருவி உண்டு. வால் மாதிரி ஒரு கம்பி அதில் தொங்கும். அதைப் பூட்டின் அடிப்பக்கத்தில் செருகினால் இரண்டு வேலை நடக்கும். ஒன்று, பூட்டின் கடிகாரத்துக்குச் சரியான நேரம் வைக்கலாம். இன்னொன்று, எந்த அட்டை எப்போது திறந்தது என்று பூட்டு தனக்குள் எழுதி வைத்திருப்பதை வெளியே எடுக்கலாம். நாங்கள் அதை ரிமோட் என்றே சொல்வோம். பேட்டரி மாற்றினால் உடனே ரிமோட்டைச் செருகி நேரம் வைக்க வேண்டும் என்பது விதி. விதி எல்லாவற்றுக்கும் இருக்கிறது.

கடலைப் பார்த்த வரிசை அறைகளைச் சுத்தம் செய்கிற அக்கா ஒருவர் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் கழனியில் நடவு நட்டவர்கள், என் தாத்தா வீட்டிலும் அதே கதைதான். இப்போது அவர் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இந்தக் கடற்கரை ஓட்டல்களில் வேலை செய்கிறார்கள். அவர் தங்கை ஒரு ஓட்டலில், மச்சான் பெண்டாட்டி இன்னொன்றில், முட்டுக்காடு வரைக்கும் சொந்தம். அதனால் ஒரு வசதியும் உண்டு, ஒரு பயமும் உண்டு. வேலை வேண்டுமென்றால் ஒரு வார்த்தையில் கிடைக்கும். பேர் கெட்டாலும் ஒரு வார்த்தையில் எல்லாக் கதவும் சாத்திக்கொள்ளும். அக்கா கழுத்தில் ஒரு அட்டை தொங்கும். அவருடைய வரிசை அறைகளை மட்டும் திறக்கிற அட்டை. அதை அவர் சாமிப்படம் மாதிரித் துடைத்து வைத்திருப்பார்.

அந்த வருஷம் ஆயுதபூஜையில் ஆரம்பித்தது வினை.

நான் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆனால் வேலை செய்கிற இடத்தில் ஆயுதபூஜை என்றால் மதம் பார்க்கிற வழக்கமில்லை. பொரியும் கடலையும் சுண்டலும் எல்லாருக்கும் பொது. மெயின்டெனன்ஸ் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் டிரில்லிங் மெஷின், டெஸ்டர், கட்டிங் பிளேயர், ஸ்பேனர் எல்லாவற்றையும் அண்ணன் வரிசையாக அடுக்கியிருந்தார். நடுவில், மஞ்சள் பூச்சரம் சுற்றி, ரிமோட். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். அக்கா ஒரு கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு தன் வரிசைக் கதவுப் பூட்டுகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே போனார். "நம்ப வயித்துக்குச் சோறு போட்றது இதுதானே பாப்பா" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக்குக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். லாரிக்காரர் முதல் தையல்காரர் வரை அதுதான் முறை. ஆனால் ஓட்டலுக்கு ஏது ஓய்வு? தொடர்ந்து விடுமுறை என்பதால் எல்லா அறையும் நிரம்பியிருந்தது. அக்கா வரிசையின் கடைக்கோடி அறைக்காரர்கள் நாஸ்தா முடித்துவிட்டு வெளியே போனவர்கள், மதியம் திரும்பி வந்தால் கதவில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பூட்டு செத்துவிட்டது. பேட்டரி தீரப் போகிறதென்று அது பல நாளாகச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக் காட்டியிருக்கும். யார் பார்த்தது?

அவசரத்துக்கென்று முன் மேசைப் பெட்டகத்தில் ஒரு நிஜச் சாவி உண்டு. அதைக் கொண்டுபோய்த் திறந்துவிட்டோம். அண்ணன் புதுப் பேட்டரியோடு வந்தார். ஸ்குரூ டிரைவர்? பூஜையில். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அதன் விளிம்பாலேயே திருகாணிகளைக் கழற்றிப் பேட்டரியை மாற்றிவிட்டார். சாமர்த்தியம்தான், நானே கை தட்டினேன்.

"நேரம் வைக்கணுமேண்ணா" என்றேன்.

"ரிமோட்டு பூஜைல கீதும்மா. இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

விருந்தாளி தன் அட்டையைக் காட்டினார். பச்சை எரிந்தது. எல்லாரும் கலைந்துபோனோம். மறுநாள் விஜயதசமிக்கும் கூட்டம். அதற்கு மறுநாள் நீச்சல் குளத்து மோட்டார் கோளாறு. நாளைக்கு என்றது அப்படியே நாளைக்காகவே நின்றுவிட்டது. காலை முழுக்க அந்தப் பூட்டு செத்துக் கிடந்த நேரத்தில் அதன் கடிகாரமும் நின்றிருந்தது. புதுப் பேட்டரி கிடைத்ததும் நின்ற இடத்திலிருந்தே மறுபடி ஓட ஆரம்பித்தது. ஆக, ஊருக்கெல்லாம் ஒரு நேரம், அந்த அறைக்கு மட்டும் நான்கு மணி நேரம் பின்தங்கிய ஒரு நேரம். கதவு திறக்கிறது, மூடுகிறது. எவனுக்குத் தெரியும்?

பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தக் கடைக்கோடி அறைக்கு ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஒரு குழந்தை. மதியம் இரண்டு மணிக்கு நான்தான் அட்டை எழுதிக் கொடுத்தேன். சாப்பாடு பரிமாறுகிற நேரம் என்பதால் லாபியில் ஆளே இல்லை, குழந்தை என் மேசை மணியைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதனால் நன்றாக நினைவிருக்கிறது. மறுநாள் முழுக்கக் கதவில் தொந்தரவு செய்யாதீர்கள் என்கிற அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிச் சிற்பங்களைப் பார்க்கப் போனார்கள். நான்கு மணிக்குத் திரும்பினார்கள். ஐந்து மணி வாக்கில், குளத்துக்குப் போவதற்காக அந்த அம்மாள் உடை மாற்றும்போது தன் தங்கச் சங்கிலியைத் தேடியிருக்கிறார். மேசை மேல் கழற்றி வைத்ததாக ஞாபகமாம். காணோம். பையிலிருக்கும் என்று நினைத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட்டு, ராத்திரி பையைக் கவிழ்த்துத் தேடிய பிறகுதான் புகார் செய்தார்கள். இதெல்லாம் நான் வேலை முடிந்து போன பிறகு நடந்தது.

மறுநாள் காலை நான் வந்தபோது எங்கள் மேனேஜர் அறையில் அக்கா நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் வாடா போடா என்று பேசமாட்டார். எல்லாருக்கும் ங்க போடுவார். அந்த மரியாதையிலேயே ஆளை மண்ணில் புதைத்துவிடுவார். அண்ணனை விட்டு அந்தப் பூட்டின் பதிவை எடுக்கச் சொல்லி, ஊழியர் அட்டைகளை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு தாளில் அடித்து வைத்திருந்தார். தாளில் ஒரே ஒரு வரி. அக்காவின் அட்டை, முந்தின நாள் மதியம் இரண்டு மணி.

"ரெண்டு மணிக்கு உள்ள போயிருக்கீங்க. அப்ப அவங்க கோயில் பாக்கப் போயிட்டாங்க. எதுக்குப் போனீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

"நான் போனது ஆறு மணிக்கு சார். அவுங்கதான் போன் பண்ணி, நாங்க கொளத்தாண்ட கீறோம், துண்டு வெச்சிடுன்னாங்க. வெச்சிட்டு வந்துட்டேன்."

"ஆறு மணிக்குப் பதிவே இல்லீங்களே."

"இன்னா சார் சொல்றீங்க? ஆறு மணிக்குத்தான் போனேன். வெளக்கு போட்டாச்சி சார் அப்போ."

விருந்தாளியைக் கேட்டார்கள். துண்டு கேட்டது உண்மை, வந்ததும் உண்மை, எத்தனை மணிக்கு என்று யார் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா இரண்டு மணிக்கே துண்டோடு உள்ளே போய், அந்தச் சாக்கில் சங்கிலியை எடுத்துவிட்டு இப்போது ஆறு மணி என்று கதை கட்டுகிறார் என்று மேனேஜர் முடிவு செய்தார். "மனுசங்க மறப்பாங்க, மாத்திப் பேசுவாங்க. மெசின் பொய் சொல்லாதுங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். ஆனால் பதிவில் இரண்டு மணி என்றுதான் இருந்தது. அக்கா அப்படிப்பட்டவரில்லை என்று மட்டும் சொன்னேன். மேனேஜர் தலையை ஆட்டினார், அதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான் என்கிற மாதிரி.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது. போலீஸுக்குப் போவதா வேண்டாமா என்று முதலாளி முடிவு செய்யும்வரை அக்காவின் அட்டையை ரத்து செய்ய வேண்டும்.

அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் போதாதா? போதாதாம். நகல் எடுத்து வைத்திருக்கலாமாம். ஆகவே பூட்டுகளே அதை மறக்க வேண்டும். நான் முன்னமே சொன்னேனே, பூட்டுக்கு இங்கிருந்து சேதி அனுப்ப முடியாது. ஒரு ரத்து அட்டை எழுதி, ஒவ்வொரு கதவுக்கும் நடந்துபோய், ஒவ்வொரு பூட்டிலும் காட்ட வேண்டும். எழுத வேண்டியவள் நான். நடக்க வேண்டியவளும் நான். வரிசையில் முதல் கதவில் நான் அட்டையைக் காட்டும்போது பின்னால் துணி வண்டிச் சக்கரச் சத்தம் கேட்டது. அக்கா.

"நீ ஏன்க்கா வர்றே? போய் உட்காரு."

"நம்ப ரூமுங்க பாப்பா. எத்தினி மணிக்கு எங்க போனேன்னு நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவாங்க. நானே பாத்துக்கினு வரேன்."

முதல் கதவு, அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. நான் காட்டுவேன், பூட்டு ஒரு முறை கீச்சென்று கத்தி அவரை மறக்கும். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கதவுக்கு வருவார். பூட்டுகளில் அவர் வைத்த சந்தனம் காய்ந்து பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது. வரிசை முடிந்ததும் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "என் தங்கச்சி வேலை செய்ற எடத்துல இந்நேரம் தெரிஞ்சிருக்கும்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று நினைத்துக்கொண்டு, செய்வதறியாமல் மேசைக்குத் திரும்பினேன்.

அண்ணனிடம் போய்க் கத்தினேன். "பதிவு எப்படிண்ணா ரெண்டு மணின்னு காட்டும்?"

"எனுக்கு இன்னாம்மா தெரியும்? பூட்டு எயுதி வெச்சிக்கினதை எடுத்துக் குடுத்தேன். கதவு தொறக்குது, மூடுது. அப்பறம் இன்னா?"

அன்றைக்கு மறுநாள் அந்தக் குடும்பம் அறையைக் காலி செய்தது. பன்னிரண்டு மணிக்கு அறையின் கெடு முடிகிறது. காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, உணவகத்தில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு, சங்கிலி விஷயம் என்ன ஆயிற்று என்று என்னிடம் ஒரு பாட்டம் சத்தம் போட்டுவிட்டு, அந்த ஆள் திடீரென்று போன் சார்ஜரை அறையில் விட்டுவிட்டதாகச் சொன்னார். அப்போது மணி ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

"அந்த அட்டை இப்போ வேலை செய்யாது சார். இருங்க, ஆள் அனுப்புறேன்" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. அட்டை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. விறுவிறுவென்று போனார். கொஞ்ச நேரத்தில் சார்ஜரை ஆட்டிக்கொண்டே வந்தார். "வேலை செய்யாதுன்னீங்க? திறந்துச்சே! உங்க சிஸ்டத்தைப் பத்தி உங்களுக்கே தெரியலை."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டோடு செத்துப்போக வேண்டிய அட்டை ஒன்றரைக்கு எப்படித் திறந்தது? அந்தப் பூட்டுக்கு இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை என்றால்தான் திறக்கும். காசை வைத்துத் திருகாணி கழற்றிய அந்த மதியம் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது.

"சார், நீங்க ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டுத்தான் போகணும்" என்றேன். எதற்கு என்றார். சங்கிலி விஷயமாக என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். ரிமோட்டைச் செருகச் சொன்னேன். திரையில் பூட்டின் நேரம் தெரிந்தது. வெளியே பட்டப்பகல் இரண்டு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது, பூட்டுக்குள் காலை பத்துகூட ஆகவில்லை. அண்ணன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கு பூஜைல இருந்துச்சிம்மா" என்றார், ரொம்ப மெதுவாக.

"மறுநாள் எடுத்தீங்களே, அப்போ?"

அவர் ரிமோட்டின் பொத்தானைத் தேடினார். நேரத்தை மாற்றப் போனவரைத் தடுத்து, மேனேஜர் வந்து தன் கண்ணால் பார்க்கும்வரை அப்படியே கிடக்கட்டும் என்றேன்.

மேனேஜர் வந்தார், பார்த்தார். ஊழியர் வரி மட்டும் போதாது, முழுப் பதிவையும் அடியுங்கள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அடித்தார். அந்தக் குடும்பத்தின் அட்டை முதல் முதலாகக் கதவைத் திறந்தது அவர்கள் வந்த அன்று காலை பத்து மணிக்கு என்று அதில் இருந்தது.

"இந்த அட்டையை நான் எழுதினதே மதியம் ரெண்டு மணிக்கு சார். இல்லாத அட்டை எப்படிக் காலையில கதவைத் திறக்கும்? என் கணினியில பாருங்க" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, லாபியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். "எல்லா வரியிலயும் நாலு மணி நேரத்தைக் கூட்டுங்க. அக்கா சொன்ன ஆறு மணி வரும். சங்கிலி காணோம்னு இவங்க தேடினது அஞ்சு மணிக்கு. அதுக்கப்புறம்தான் அக்கா உள்ளேயே போயிருக்காங்க."

அந்த ஆள் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள், "நான் கோயில்லயே கழட்டினேனோ என்னவோ" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததோடு சரி. கார் கிளம்பிவிட்டது. சங்கிலி கிடைத்ததா இல்லையா என்று அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மன்னிப்பு என்கிற வார்த்தை அந்தக் குடும்பத்தில் யாருக்குமே தெரியாதுபோல.

மேனேஜர் தாளை மடித்தார். "சரிங்க. முடிஞ்சுது. அவங்கள நாளைக்கு வரச் சொல்லிடுங்க."

"நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க சார்."

"யார் சொன்னா என்னங்க?"

பூட்டுக்காவது தன் நேரம் தப்பு என்று தெரியாது. இவருக்குத் தெரிந்த பிறகும் இப்படி. அன்று சாயங்காலம் நான் பூஞ்சேரியில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு ஒரு புடவையை மடித்து முடித்தார்.

"ஆக, பூட்டு சொன்னா நான் திருடி. இன்னொரு பூட்டு சொன்னா நான் நல்லவ."

"இன்னொரு பூட்டு இல்லைக்கா. அதே பூட்டுதான். நேரம்தான் தப்பு."

"அதான் சொல்றேன். நான் சொன்னதை யாரு கேட்டது?"

 தங்கை வேலை செய்கிற ஓட்டலில் இரண்டு நாளாக அவளுடைய பையையும் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்களாம். இனி அந்த வேலைக்கு வராமல் இருப்பதுதான் மரியாதை என்று நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே, "வரேன் பாப்பா. வராம குந்திக்கினா எடுத்தவன்னே ஆயிடும்" என்றார்.

மறுநாள் மறுபடி அதே நடை. மறந்த பூட்டுகளுக்கெல்லாம் அவரை நினைவுபடுத்த வேண்டுமே. கதவு கதவாக நான் புது அட்டையைக் காட்ட, அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். அண்ணன் எங்களுக்கு முன்னால் ரிமோட்டைச் செருகி எல்லாப் பூட்டுக்கும் நேரம் வைத்துக்கொண்டே போனார். கடைக்கோடி அறைக்கு வந்ததும் அக்கா முந்தானை நுனியில் எச்சில் தொட்டுக் காய்ந்த சந்தனத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டார். மற்றக் கதவுகளில் அவர் அதைத் தொடவில்லை.

அன்று பதினோரு மணிக்கு, லாபியில் ஒரு பஸ் நிறையக் கூட்டம் இறங்கி நிற்கும்போது, மேசை போன் அடித்தது. வராந்தாவிலிருந்து அக்கா.

"பாப்பா, மொத ரூமாண்ட கீறேன். மணி இன்னா?"

"பதினொண்ணு பத்துக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. தொறக்கப் போறேன்."

அடுத்த அறையைத் திறக்குமுன்னும் போன். அதற்கடுத்த அறைக்கும் போன். வேலை நாள்தோறும் இது நடக்கிறது. வராந்தாவில் ஒரு போன் இருப்பதே அதுவரை எனக்கு மறந்திருந்தது. ஒரு காதில் விருந்தாளி கத்துவார், இன்னொரு காதில் அக்கா மணி கேட்பார். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அக்கா, எல்லாப் பூட்டுக்கும் நேரம் வெச்சாச்சு. வாராவாரம் அண்ணன் சரி பார்க்கிறார். உன் கையில போன் இருக்கு, அதுலயே மணி பார்க்கலாமே. எதுக்கு என் உயிரை வாங்குறே?" என்று சீறிவிட்டேன்.

"நான் பாத்தா நான்தானே பாத்தேன்? நீ சொன்னேன்னா நீயும் சொன்ன மாரி ஆவும்" என்றார்.

அப்புறம் நான் சண்டை போடவில்லை. எரிச்சல் மட்டும் போகவில்லை. எரிச்சல் அவர்மேல் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு தடவை கூட்டத்தில் போனை எடுக்காமல் விட்டுவிட்டேன். அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. எட்டிப் பார்த்தால், வராந்தாக் கோடியில், துணி வண்டியோடு, கையில் அட்டையோடு, பூட்டைத் தொடாமல் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

எதிரே நின்ற விருந்தாளியைக் கையமர்த்திவிட்டுப் போனை எடுத்தேன்.

"மணி இன்னா பாப்பா?"

"பதினொண்ணேகால் அக்கா."

"பதினொண்ணேகால்" என்று அவரும் ஒரு முறை சொல்லிக்கொண்டார். அதற்கப்புறம்தான் கதவைத் திறந்தார்.